எந்த நாட்டுக்காரர் இந்த சுப்பாராவ்?



மாணவர் பேரவைக்காரர்கள் மலருக்கு விஷயம் கேட்டு வகுப்பு வகுப்பாக வந்தபோது, கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஒரு கட்டு சேர்ந்துவிட்டது, வேறு எது வேண்டுமானாலும் எழுது என்றார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் தப்பித்தேன். ஒரு மனிதருடைய வாழ்க்கையை எழுதுகிறேன். அவருக்கும் நம்ம மின்னியல் துறைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அவருக்கும் எங்க வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். எங்க ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். நான் பார்த்த நாளிலிருந்து அந்தக் கால் அப்படித்தான் இருக்கிறது. செருப்பு நுழையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் ஆயா கடைசி வரிசையில், புடவையைக் காலுக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு உட்காரும். நடவுக்குப் போன காலத்தில் சேற்றில் நின்றால் கால் தெரியாது, அதனால் நடவு வேலைதான் பிடிக்கும் என்று ஒரு தடவை சொன்னது.

அம்மாவுக்கு அந்த நோய் வரவில்லை. சித்திக்கும் வரவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால், வருஷத்துக்கு ஒரு தடவை சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து டி.இ.சி. என்ற மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் எதிரிலேயே நிற்பார்களாம். அந்த மாத்திரை வீங்கிய காலை இளைக்க வைக்காது. ரத்தத்தில் ஓடுகிற குட்டிப் புழுக்களைக் கொல்லும். புழு இல்லாவிட்டால் கொசு ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்கு எதைக் கொண்டு போகும்? ஆயாவோடு அந்த நோய் எங்க வீட்டில் நின்றது அப்படித்தான்.

போன வருஷம் அக்கா மாசமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அட்டையின் பின்னால் போலிக் அமிலம் என்று போட்டிருந்தது. முதல் வருஷம் எங்களுக்கு வேதியியல் எடுத்த ஐயா, பாடத்தை விட்டு வெளியே போய்க் கதை சொல்வதில் கெட்டிக்காரர். போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் நம்ம சென்னையில் படித்தவர், டி.இ.சி. மருந்தும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்ததுதான், பரீட்சையில் இதெல்லாம் வராது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆயா விழுங்கிய மாத்திரைக்கும் அக்கா விழுங்கிய மாத்திரைக்கும் பின்னால் ஒரே மனிதர்! அதன் பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திரா. அப்போது சென்னை மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் சின்ன உத்தியோகம், வீட்டில் ஏழு பிள்ளைகள், பணக் கஷ்டம். பதின்மூன்று வயசில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகலாம் என்று திட்டம்! பாதியில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

படிப்பிலாவது பிரகாசித்தாரா என்றால் அதுவும் இல்லை. மெட்ரிகுலேஷன் இரண்டு தடவை போய்விட்டது. மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். அரியர் வைத்திருக்கும் தோழர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

பிரசிடென்சி கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கப் பணம் இல்லை. நண்பர்களும், பின்னால் மாமனார் ஆன ஒருவரும் உதவினார்கள். அது காந்தி கதர் கட்டச் சொன்ன காலம். இவரும் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியோடு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும், கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை. அதற்குக் கீழே இருந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது புரியும். எங்க ஊரில் பாலிடெக்னிக் என்று சொன்னால், என்ஜினீயரிங் கிடைக்கலையா என்பதுதான் அடுத்த கேள்வி. எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான் என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. மெஷினைக் கழற்றி மாட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவருக்கு அரசாங்க மருத்துவ வேலை கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். இதற்கு நடுவில் உடன் பிறந்தவர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் நோய். டாக்டருக்குப் படித்தவர் பக்கத்தில் இருந்தும் கொடுக்க மருந்து இல்லை.

அமெரிக்காவுக்குப் போய் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க முடிவு செய்தார். காக்கிநாடாவில் ஒரு தர்ம ஸ்தாபனம் உதவ ஒப்புக்கொண்டது. மாமனாரும் பணம் திரட்டினார். மாசமாக இருந்த மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். திரும்பவே இல்லை. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயசு ஆகும் முன்பே இறந்துபோனது. அப்பா அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

1920-களின் தொடக்கத்தில் அவர் போஸ்டனில் இறங்கியபோது அந்த நாட்டுச் சட்டம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இவர் வாழ்க்கை புரியாது.

வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்கக் குடிமகன் ஆக வேண்டுமானால் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று 1790-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாரைச் சேர்த்தார்கள். ஆசியாக்காரர் இரண்டிலும் வரவில்லை. 1882-ல் சீனத் தொழிலாளர் வரக்கூடாது என்று ஒரு சட்டம். 1917-ல் உலகப் படத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குள் இருக்கும் நாட்டுக்காரர் குடியேறக் கூடாது என்றார்கள். இந்தியா கோட்டுக்குள் வந்துவிட்டது. மாணவர்களுக்கு மட்டும் விலக்கு. சுப்பாராவ் அந்த விலக்கு வழியாகத்தான் உள்ளே போனார்.

அதே சமயத்தில்தான், 1923 பிப்ரவரி 19-ல், பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இவர் நம்ம தூக்கு மேடை பகத் சிங் இல்லை, வேறு ஒருவர். பஞ்சாபி. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். குடியுரிமை கொடுத்தார்கள், பறித்தார்கள், மறுபடி கொடுத்தார்கள், அரசாங்கமே எதிர்த்து வழக்குப் போட்டது. அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நான் ஆரியன், உயர்ந்த சாதி, ஆகவே வெள்ளையன்! சாதாரண வெள்ளைக்காரர் யாரை வெள்ளை என்று நினைக்கிறாரோ அவர்தான் வெள்ளை, இந்தியர் அதில் வரமாட்டார் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்து அதைத் திரும்பப் பறித்தார்கள். கலிபோர்னியாவில் குடிமகன் ஆகத் தகுதி இல்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்று 1913-லிருந்தே சட்டம் இருந்தது. ஆகவே நிலமும் போனது. வைஷ்ணோ தாஸ் பகாய் என்ற கடைக்காரர் இப்படிக் குடியுரிமையை இழந்து, 1928-ல் தற்கொலையே செய்துகொண்டார்.

திந்த் மேல் எனக்குப் பரிதாபம் வருகிறது. அவருடைய வாதத்தின் மேல் வரவில்லை. அவர் கதவைத் தட்டினது, கதவே கூடாது என்று இல்லை. நான் மேல்படிக்காரன், என்னை மட்டும் விடு என்று. எங்க தெருவிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரிதான் தெரிகிறது.

எங்க ஊர்க் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலைத் தேர்தல், ஜனநாயகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு விதிகளைப் படித்தேன். கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல், வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்க பாட்டன் முப்பாட்டனுக்கு இதில் எது இருந்திருக்கும்? ஏரியை வெட்டினவன் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டிருக்க மாட்டார்கள். நிலம், பிறப்பு, படிப்பு என்று வைத்து யார் உள்ளே யார் வெளியே என்று பிரிப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, சுப்பாராவுக்கு வருவோம். ஹார்வர்டில் வெப்பநாட்டு மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே? ராத்திரியில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலையும் அதில் சேர்த்தி. டாக்டர் அவர்! பகலில் படித்து அங்கே வாங்கியது என்னவென்றால் ஒரு டிப்ளமோ. (நான் சிரித்துவிட்டேன்.)

அப்புறம் உயிர்வேதியியல் பிரிவில் சைரஸ் பிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு முறை கண்டுபிடித்து 1925-ல் வெளியிட்டார்கள். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் அதே பெயர். அந்த முறையை வைத்துத் தசையைச் சோதித்தபோது பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் அகப்பட்டது. அது 1927. அடுத்து 1929-ல் ஏ.டி.பி. ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே சமயம் தனியாகக் கண்டுபிடித்தார்.

நம்ம பாஷையில் சொன்னால், தசைக்கு சப்ளை ஆகிற கரண்ட் ஏ.டி.பி. திடீரென்று லோடு ஏறும்போது அது டக்கென்று தீர்ந்துவிடும். அப்போது யு.பி.எஸ். பேட்டரி மாதிரி பின்னாலிருந்து தாங்குவது பாஸ்போகிரியேட்டின். நீங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற முதல் சில விநாடி அந்தப் பேட்டரியில்தான் ஓடுகிறீர்கள். தசைக்கு சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்று அதுவரை இருந்த எண்ணம் இதனால் அடிபட்டது.

1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் 1940 வரைக்கும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கொடுக்கவில்லை. இந்தியருக்குக் கொடுக்காதே என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளத் தெரியாத மனிதர், அதுவும் ஒரு காரணம்தான். என் அபிப்பிராயம் இது: எந்தக் காலத்திலும் குடிமகன் ஆக முடியாத ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்துக்கொள்வது முதலாளிக்குச் சுலபம். அவர் எங்கே போய்ச் சண்டை போடுவார்? ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற அண்ணன்கள் வீட்டில் இருந்தால் இதை விளக்க வேண்டியதில்லை.

சொந்த ஊருக்கு ஒரு நடை வந்து போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1924-ல் இன்னொரு சட்டம் வந்து, குடியுரிமை பெற முடியாத இனத்தார் குடியேறவும் கூடாது என்று கதவை இறுக்கிவிட்டது. வெளியே காலை வைத்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று நிச்சயம் இல்லாத காலம். மனைவி இங்கே காத்திருந்தார். கடைசி வரை காத்திருந்தார். இதில் சட்டத்தின் குற்றம் எவ்வளவு, ஆய்வுக்கூடமே கதி என்று கிடந்த அவருடைய குற்றம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த அம்மா பெயர் சேஷகிரி. மேதைகளின் கதையில் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

1940-ல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். ஆராய்ச்சிக்கே தலைவர் ஆனார். அடுத்த எட்டு வருஷத்தில் நடந்ததை மூச்சு விடாமல்தான் சொல்ல வேண்டும்.

1930 வாக்கில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அம்மா, மில்லில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தசோகை வருவதையும், ஈஸ்ட் சத்து கொடுத்தால் குணமாவதையும் பார்த்திருந்தார். அந்தச் சத்துதான் போலிக் அமிலம். 1945-ல் சுப்பாராவ் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே அமிலத்தின் அமைப்பைச் சற்று மாற்றினால் புற்றுச் செல் ஏமாந்து அதைத் தின்று பட்டினி கிடக்கும். அப்படித் தயாரித்து அனுப்பிய மருந்தைப் போஸ்டனில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் கொஞ்ச காலம் பின்வாங்கியது. அதுவரை உலகத்தில் நடக்காத விஷயம். அந்த வகையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள். நிரந்தர வேலை தராத அதே போஸ்டன் நகரத்துக்குத்தான் முதலில் மருந்து போனது என்பதைக் கவனியுங்கள்.

1948-ல் ஆரியோமைசின் வந்தது. எழுபது வயசு தாண்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டக்கர் என்ற பேராசிரியரை வேலைக்கு வைத்து, ஒரு பிடி மண்ணிலிருந்து எடுத்த மருந்து. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்குப் பின்னால் வைத்தியம் என்ன தெரியுமா? போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்.

நடுவில் 1947-ல் நம்ம டி.இ.சி. உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் கிருமி தொற்றிவிட்டது. உடனே மருந்து தேடினார்கள். எங்க ஆயா மாதிரி லட்சக்கணக்கான ஆயாக்களுக்குக் கால் வீங்கியபோது தேடவில்லை. இருந்தாலும், சிப்பாய்க்காகத் தேடிய மருந்து ஐம்பது வருஷம் கழித்து எங்க தெருவுக்கும் வந்து சேர்ந்தது.

1946 ஜூலை 2-ல் அமெரிக்கச் சட்டம் மாறியது. இந்தியர் குடிமகன் ஆகலாம், வருஷத்துக்கு நூறு இந்தியர் குடியேறலாம். நூறு! போரில் கூட்டாளி வேண்டியிருந்தது, சுதந்திரம் வரப்போகிற இந்தியாவின் தயவும் வேண்டியிருந்தது. இனத்தைப் பார்த்துக் குடியுரிமை கொடுக்கும் வழக்கம் 1952-ல்தான் முழுதாகப் போனது. சுப்பாராவ் படித்த அதே இந்து உயர்நிலைப் பள்ளி, அதே பிரசிடென்சி கல்லூரியில் படித்த விஞ்ஞானி சந்திரசேகர் 1953-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

சுப்பாராவ் ஆகவில்லை. கதவு திறந்த இரண்டே வருஷத்தில், 1948 ஆகஸ்டில், தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயசு 53. நம்ம சுதந்திரத்துக்கு முதலாம் ஆண்டு நிறைவு வர ஒரு வாரம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்தும் காகிதத்தில் அவர் வெளியாள்தான். 1995-ல் நூற்றாண்டுக்கு நம்ம அரசாங்கம் ஒரு தபால் தலை வெளியிட்டது.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, அந்த டாக்டர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டது. பீமாவரம் என்றேன். அங்கே போனாரா கடைசியில் என்று கேட்டது. இல்லை என்றேன். ஆயா ஒன்றும் சொல்லாமல் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன லீவில் ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். என் வயசுதான் இருக்கும். மோட்டார் காயில் கட்டுவதில் என்னைவிட வேகம். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வடக்கன் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மூன்று வாரம் பக்கத்தில் நின்று வேலை கற்றுக்கொண்டேன். கடைசி நாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் அவன் பெயரைப் பார்த்தேன். இந்தக் கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, சுப்பாராவை அந்த மருத்துவமனையில் ராத்திரி வேலைக்கு எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றியதும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

பேரவைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம வேதியியல் ஆய்வகச் சுவரில் ஐந்து விஞ்ஞானிகள் படம் மாட்டியிருக்கிறது. ஆறாவதுக்கு ஜன்னல் பக்கம் இடம் இருக்கிறது, ஆணியும் அடித்து இருக்கிறது. அந்தத் தபால் தலையைப் பெரிதாக்கிச் சட்டம் போட எவ்வளவு ஆகும் என்று உத்திரமேரூரில் ஒரு கடையில் விசாரித்து வைத்திருக்கிறேன். பெயர்ப் பலகையில் நாடு என்று ஒரு இடம் விடுவார்கள். அதில் என்ன எழுதுவது என்று மட்டும் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.